ஒட்டுக்குக் கீழே

ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக இருக்கிற எங்கள் லயத்துக்குக் கீழே, ஓடையோரம் ஒரு துண்டு நிலம் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் தேயிலை வராத இடம். முன்னால் இருந்த துரைமார் கன்று நட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் கட்டும். கன்று மஞ்சளாகும். தலை தொங்கும். செத்துப்போகும். பிறகு தோட்டம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டம் திரும்பிப் பார்க்காத இடம்தான் எங்களுக்குக் கிடைக்கிற நிலம்.

அதில் நான் புல் வளர்த்தேன். தண்ணீர் நின்றால் புல்லுக்குக் கொண்டாட்டம். அந்தப் புல்லை வைத்து ஒரு மாடு வளர்த்தேன். தோள்பட்டை போய் நான் கொழுந்து எடுப்பதை விட்ட பிறகு, வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மாட்டுப் பாலால். என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர். உயர்ந்துபோன தேயிலைச் செடியை அளவு பார்த்துத் தறித்து விடுகிற வேலை. அது வருஷம் முழுக்க இருக்காது. மாடு வருஷம் முழுக்கச் சாப்பிடும், வருஷம் முழுக்கச் சாணி போடும், பெரும்பாலும் பாலும் தரும். புல் இல்லாவிட்டால் அதை விற்க வேண்டியதுதான்.

புதுத் துரை வந்தார். இளவயது. சிங்களவர். எங்கள் தமிழையே பேசுவார், கொஞ்சம் தடுக்கும். வந்த புதிதில் தோட்டம் முழுக்க நடந்து பார்த்தார். ஓடையோரம் வந்து நின்றபோது சப்பாத்து புதைந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த இடம் பிடித்திருக்க வேண்டும். சில பேருக்குக் கால் புதைகிற இடம்தான் பிடிக்கும்.

மறுநாள் பெரட்டில் அதைச் சொன்னார். காலையில் எல்லோரும் கூடி வேலை வாங்குகிற இடம் பெரட்டு. தோட்டத்தில் எந்தச் செய்தி வந்தாலும் அங்கேதான் வரும்.

"ஓடப் பக்கம் பீச்சஸ் போடப் போறோம். பழ மரம். நுவரெலியா ஹோட்டலெல்லாம் வாங்கும்."

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "தேயிலயே நிக்காத எடங்க சார். பழமா நிக்கப் போவுது?"

"இது ஒட்டு மரம். மேல பீச்சஸ், கீழ பிளம்ஸ் வேர். இந்த வேர் தண்ணியத் தாங்கும்."

"அப்போ கீழ இருக்கிறது பாடுபடும், மேல இருக்கிறது பேரு வாங்குமா?"

"ம்... அப்படித்தான்."

"நம்ம வீட்டுக் கதைதாங்க சார்!"

கூட்டம் சிரித்தது. துரையும் சிரித்தார். எங்கள் வீட்டில் யார் மேல், யார் கீழ் என்று கூட்டத்துக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை.

அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று துரை கேட்டார். கண்டாக்கு ஐயா என்னைக் காட்டினார். மலையில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர் அவர். எங்கள் ஆள்தான். நல்ல மனிதர். யார் மனமும் நோகக் கூடாது என்று பார்ப்பார். அதனால் எல்லோருக்கும் சிரமம்.

துரை என்னைப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இந்த மழ ஒன்னு போகட்டும். மரம் நின்னா எடம் தோட்டத்துக்கு. செத்தா எடம் உங்களுக்கு. நானே வந்து அளந்து தாறேன். சரியா?"

சரி என்று சொல்லாமல் என்ன சொல்வது. தோட்டத்து நிலம். அவர் கேட்காமலே எடுத்திருக்கலாம். கேட்டதே பெரிய மரியாதை.

"மரத்தப் பாக்க ஒரு ஆளு வேணும்," என்றார்.

"இவங்களே பாக்கட்டும் சார். அந்த எடம் இவங்களுக்குத்தான் பழக்கம்," என்றார் கண்டாக்கு ஐயா. என் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆக, மரம் செத்தால் நிலம் எனக்கு. மரம் சாகாமல் பார்ப்பது என் வேலை. இப்படி ஒரு வேலையை நான் கேள்விப்பட்டதில்லை. தினம் பேர் போடுவோம், நாள் கூலி உண்டு என்றார்கள். சம்மதித்தேன்.

நுவரெலியாப் பக்கமிருந்து லொறியில் கன்றுகள் வந்தன. பார்க்க வெறும் குச்சிதான். தண்டில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு முண்டு. அதுதான் ஒட்டு. அதற்கு மேலே உள்ளது பீச்சஸ். வழக்கமாக ஒட்டு இன்னும் கீழே இருக்குமாம். ஈர நிலம் என்று உயரமாக வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் கன்று ஒரே வகை இல்லை. அடியில் வெள்ளைச் சாயம் பூசியது பிளம்ஸ் வேர். சாயம் இல்லாதது பீச்சஸ் வேரிலேயே பீச்சஸ் ஒட்டியது. பிளம்ஸ் வேரில் வேண்டிய அளவு கிடைக்கவில்லையாம். கண்டாக்கு ஐயா குச்சியால் கோடு கிழித்தார்.

"வெள்ள பூசினது கீழ்ப்பாதி. தண்ணி நிக்கிற பக்கம். மத்தது மேல்பாதி. அங்க காஞ்ச மண்ணு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருஷம் அங்கே புல் அறுத்திருக்கிறேன். மேல்பாதியில் நடந்தால் கால் நனையாது. கீழ்ப்பாதியில் கெண்டைக்கால் வரை போகும். எது காய்ந்தது எது ஈரம் என்று யாரையும் கேட்க வேண்டாம்.

என் புல்லைப் பிடுங்கித்தான் குழி வெட்டினார்கள். பிடுங்கியதைச் சுமந்து வந்து மாட்டுக்குப் போட்டேன். இரண்டு நாள் அதற்கு விருந்து. அதற்குப் பிறகு ரோட்டோரம், கோயில் பின்பக்கம், தேயிலை ஓரம் என்று அலைந்து அறுத்தேன். பால் குறைந்தது.

பக்கத்துக் காம்பராக்காரிக்கு என்னைவிட ஆத்திரம். அவளுக்கு மாடு இல்லை. ஆனால் காலையில் என் பாலில்தான் அவள் தேத்தண்ணி.

"ஏன்டி, ஒரு வாளி உப்புத் தண்ணி போதாதா?"

"எதுக்கு?"

"மரத்துக்குத் தாகம் எடுக்கும்ல."

"அதுக்குத் தண்ணி நெறையா நிக்கிது."

"நீயெல்லாம் பொழைக்க மாட்டடி."

உப்பு ஊற்றவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. செத்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அதோடு, பார்க்கச் சொல்லிக் கொடுத்த கன்றைக் கொல்ல எனக்குக் கை வராது. மழை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். மழைக்கு என் மேல் பிரியமும் இல்லை, துரை மேல் பிரியமும் இல்லை.

மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழைக்கு இடி மின்னல் என்ற ஆர்ப்பாட்டம் இல்லை. காலையில் தொடங்கும். எப்போது விடும் என்று சொல்லாது. சாக்குப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு தினம் போய்ப் பார்த்தேன். கீழ்ப்பாதியில் தண்ணீர் ஏறியது. குச்சிகள் கண்ணாடியில் நட்டது போல நின்றன. இது முதலில் போகும் என்று காத்திருந்தேன்.

முதலில் போனது மேல்பாதி.

நட்ட பிறகு விட்டிருந்த இலை நடுப்பகலில் வாடித் தொங்கியது. தாகத்தில் தொங்குகிற மாதிரியே. கொட்டுகிற மழையில் ஒரு செடி தாகத்தில் தொங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு இலை சிவந்தது. பிறகு உதிர்ந்தது. சத்துப் போதவில்லை என்று கண்டாக்கு ஐயா உரம் போடச் சொன்னார். போட்டேன். இன்னும் வேகமாக உதிர்ந்தது.

ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். பிடுங்கிய குழியில் தண்ணீர் ஊறி வந்தது. மேலே தேயிலை மலையில் இறங்குகிற மழையெல்லாம் மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து, அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மேலே கால் நனையாது. ஒரு சாண் கீழே கிணறு. அதன் மேல்தான் இத்தனை வருஷம் நடந்திருக்கிறேன். கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

வேர் கறுத்திருந்தது. மணந்து பார்த்தேன். பழக்கொட்டையை உடைத்தால் உள்ளே ஒரு பருப்பு இருக்கும், அதன் கசப்பு வாடை.

கண்டாக்கு ஐயா ஒரு வேரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, விவசாயம் படித்த ஓர் உத்தியோகத்தரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து எனக்குச் சொன்னார். அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"மண்ணுக்குள்ளயும் காத்து இருக்காம். தண்ணி நின்னா அந்தக் காத்து போயிரும். வேருக்கு மூச்சு முட்டும். பீச்சஸ் வேருக்குள்ள ஒரு கசப்பு இருக்கு. மூச்சு முட்டுனா அது ஒடஞ்சி வெசமா மாறி அந்த வேரையே கொன்னுருமாம்."

"அதுவே அதுக்கு வெசம் வச்சிக்கிதா?"

"ஆமா."

"பிளம்ஸ் வேருல அந்தக் கசப்பு இல்லீங்களா?"

"அதுலயும் இருக்காம். ஆனா அது பதறாதாம்."

அதற்குப் பிறகு கீழ்ப்பாதியை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். அங்கேயும் இலை மஞ்சளாகியிருந்தது. புதுத் துளிர் ஒன்றும் இல்லை. ஆனால் சாகவில்லை. தண்ணீர் மட்டத்தில் தண்டுப் பட்டை வீங்கி, பொரி ஒட்டினது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளி எழும்பியிருந்தது. அந்த இடத்திலிருந்து புது வேர் நூல் மாதிரி விட்டிருந்தது. பழைய வேரை அடியில் விட்டுவிட்டு, காற்று எட்டுகிற உயரத்தில் புதிது. வளர்ச்சி இல்லை, பூ இல்லை, ஆசை இல்லை. மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றது.

தாங்கும் என்று துரை சொன்னார். தாங்கும் என்றால் அவ்வளவுதான். செழிக்கும் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் தாங்கிக்கொண்டு இருக்கிறோம். எங்களுக்கு யாரும் வெள்ளைச் சாயம் பூசவில்லை.

துரை அப்போது தோட்டத்தில் இல்லை. ஏதோ பயிற்சி என்று கொழும்புக்குப் போயிருந்தார். வருகிற வாரம் வருவார் என்று செய்தி வந்தது. கண்டாக்கு ஐயாவுக்குத் தூக்கம் போனது. மேல்பாதி முழுக்கச் செத்த குச்சி. கீழ்ப்பாதியிலும் நுனியெல்லாம் காய்ந்து நின்றது. துரை வந்து இதைப் பார்த்தால் மனம் நோகும். உடனே கவ்வாத்து ஆட்களைக் கூப்பிட்டு, "கீழ்ப்பாதியில காஞ்சதக் கழிச்சி விடுங்க, பாக்க லட்சணமா இருக்கட்டும்," என்று சொல்லியிருக்கிறார்.

நான் அன்றைக்கு ஹட்டனில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். தோளுக்கு மருந்து வாங்கக் கியூவில் உட்கார்ந்திருந்தேன். பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. நேராக ஓடைக்குப் போனேன்.

வேலை முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர்தான் அந்த ஆட்களுக்கு மூத்தவர். கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா புள்ள. மேச மாதிரி."

மேசை மாதிரித்தான் இருந்தது. கவ்வாத்துக்காரர்கள் கையில் ஓர் அளவுக் குச்சி வைத்திருப்பார்கள். செடிக்குப் பக்கத்தில் நட்டு, அதன் உயரத்துக்கு வெட்டுவார்கள். ஒரு விரல் கூடாது, குறையாது. ஒரு மலை முழுக்க ஒரே மட்டமாக இருந்தால்தான் வேலை. இங்கேயும் அந்தக் குச்சியைத்தான் நட்டிருக்கிறார்கள். எல்லாம் முழங்காலுக்குக் கீழே, நூல் பிடித்த மட்டம். தண்டில் பாசியைக்கூடச் சுரண்டி விட்டிருந்தார்கள். வெட்டிய மேல்பாகத்தை வரிசைக்கு இடையில் பரப்பியிருந்தார்கள். தேயிலையில் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்திருந்தார்கள்.

"ஒட்டு எங்க?" என்றேன்.

"எந்த ஒட்டு?"

கீழே கிடந்த ஒரு மேல்பாகத்தை எடுத்தேன். முண்டு அதில் இருந்தது. காட்டினேன்.

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதா? இது முண்டுல்ல? முண்ட விட்டுட்டு வெட்டுனா அது கவ்வாத்தா?"

"இதுக்கு மேலதான் பீச்சஸ்."

"கீழ?"

"பிளம்ஸ்."

மற்றவர்கள் கத்தியைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார்கள். கண்டாக்கு ஐயா வந்து சேர்ந்தார். மட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு முண்டைப் பார்த்தார்.

"துளுத்துரும்," என்றார். "தேயிலய வெட்டுனா துளுக்கல?"

"தேயில துளுத்தா தேயிலங்க. இது துளுத்தா பிளம்ஸுங்க."

"மெல்லப் பேசுங்கம்மா."

அங்கே ஓடையைத் தவிர வேறு யாரும் இல்லை. மெல்லத்தான் பேசினேன்.

காம்பராக்காரி வந்து வெட்டிக் கிடந்த இலைதழையைப் பார்த்தாள். "மாட்டுக்கு ஆகுமே, அள்ளிக்கிட்டுப் போவோமா?" என்றாள். ஓர் இலையைக் கசக்கி மணந்தேன். வேரில் வந்த அதே கசப்பு வாடை. வேண்டாம் என்றேன். எதையும் அனுபவிக்கத் தெரியாதவள் என்று திட்டிக்கொண்டே போனாள்.

துரை சொன்ன வாரத்தில் வரவில்லை. மழை நின்றது. தண்ணீர் வடிந்தது. வெயில் பட்டதும் அடிக்கட்டையெல்லாம் துளிர்த்தது. சும்மா இல்லை, ஆவேசமாகத் துளிர்த்தது. இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற வேர், தலைமேல் இருந்த சுமையும் போனதும் சந்தோஷத்தில் குதித்தது. பீச்சஸ் இலை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். இது குட்டையாக, உருண்டையாக இருந்தது. லயத்தில் எல்லோரும் வந்து பார்த்துக் கவ்வாத்துக்காரர்களைப் பாராட்டினார்கள். கவ்வாத்துக்காரர்களும் மறுக்கவில்லை.

மாடு கறக்கும்போது வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"தொர வாறாராம்."

"ம்."

"நீ வாயத் தொறந்துறாத. வேணும்னே வெட்டுனாம்பாங்க. மரம் செத்தா எடம் பொண்டாட்டிக்கு வருதுல்ல, அதனால புருஷன் வெட்டிட்டாம்பாங்க. என் வேல போயிரும்."

"சொல்லாட்டி எடம் போயிரும்."

"எடம் பெருசா, நான் பெருசா?"

நான் அடுத்த காம்பைப் பிடித்தேன்.

"என்னா, யோசிக்கிறியா?"

"பால் கறக்குறேன்."

எழுந்து போய்விட்டார். நான் யோசிக்கத்தான் செய்தேன். துரை சொன்ன சொல்லுக்கு மேல்பாதி எப்படியும் எனக்கு வரும். அது செத்தது. அதில் யாரும் கத்தி வைக்கவில்லை. கீழ்ப்பாதியைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அவருக்கும் வேலை நிற்கும், எனக்கும் பாதி நிற்கும். பாதி இருந்தால் மாட்டை விற்க வேண்டாம். அப்படியே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

துரை வந்தார். ஓடைக்கு வந்தார். பின்னால் கண்டாக்கு ஐயா, அவர் பின்னால் கவ்வாத்து ஆட்கள். கீழ்ப்பாதியின் பச்சையைப் பார்த்ததும் துரைக்குக் கையும் காலும் ஓடவில்லை. போனை எடுத்து இந்தப் பக்கமிருந்து ஒரு படம், அந்தப் பக்கமிருந்து ஒரு படம். அங்கேயே நின்று கொழும்பு ஆபீசுக்கு அனுப்பினார்.

"பாத்தீங்களா? நின்னுருச்சு! நான் சொன்னேன்ல!"

எல்லோரும் தலையாட்டினார்கள். நின்றது உண்மைதான்.

மேல்பாதியைப் பார்த்தார். "அது பரவாயில்ல. வேர் சரியில்ல. அடுத்த லொறியில அங்கயும் பிளம்ஸ் வேரு கொண்டாந்து போடுவோம். மொத்த எடமும் சரியாயிரும்."

மொத்த இடமும் என்றார்.

"சார்," என்றேன். "செத்தா எடம் எனக்குன்னு பெரட்டுல சொன்னீங்க."

அவர் திரும்பினார். கோபம் இல்லை. மறந்துபோனவர் முகம். "சொன்னேன்தான். ஆனா பாதி நிக்கிதே அம்மா. நல்லா நிக்கிது."

"நிக்கிறது பீச்சஸ் இல்லீங்க."

வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். கண்டாக்கு ஐயா தன் சப்பாத்தைப் பார்த்தார்.

துரை குனிந்து துளிரை விலக்கினார். ஒரு மரத்தில் பார்த்தார். அடுத்ததில் பார்த்தார். வரிசையின் கடைசி வரை குனிந்து குனிந்து போனார். படித்தவர். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரே மட்டம், எங்கேயும் முண்டு இல்லை. நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

"யாரு வெட்டுனது?"

வீட்டுக்காரர் முன்னால் வந்தார். அவர் அளவுக் குச்சியை நீட்டினார். "இதுதாங்க சார் அளவு. ஆபீஸ்ல குடுத்த குச்சி. இதுக்கு மேல ஒரு விரல் விட்டாலும் பேரு வெட்டுவாங்க."

"யாரு வெட்டச் சொன்னது?"

"நான் காஞ்சதக் கழிக்கச் சொன்னேன் சார்," என்றார் கண்டாக்கு ஐயா.

"எதுக்கு?"

"சார் வந்து பாத்தா மனசு கஷ்டப்படுமேன்னு."

அந்த நேரம் பார்த்து துரை கையில் போன் மணி அடித்தது. கொழும்பு ஆபீஸ். படம் கிடைத்துவிட்டது. அங்கே எல்லோருக்கும் சந்தோஷமாம். சத்தம் எங்களுக்கே கேட்டது. துரை "ஆமா சார், ஆமா சார்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அந்த மேசை மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கிய சிரிப்பு.

அதற்குப் பிறகு யார் வேலையும் போக வழி இல்லை. ஒருவரைத் தண்டித்தால், படத்தில் இருப்பது என்ன என்று கொழும்புக்குச் சொல்ல வேண்டும். படம் எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது.

"ஹரி," என்றார் துரை. சிங்களத்தில் சரி என்று அர்த்தம். "வேர் நிக்கிதுல்ல? வேர்தான் கஷ்டம். மேல மறுபடி ஒட்டு வைக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "செத்த பாதி உங்களுக்கு. நின்ன பாதி தோட்டத்துக்கு. மரத்த நீங்களே பாருங்க. சரியா?"

"சரிங்க."

வீட்டுக்கு ஏறும்போது வீட்டுக்காரர் கேட்டார். "முழுசும் கேட்டிருக்கலாம்ல? அதான் உண்மையச் சொல்லிட்டியே."

"நீங்கதான் வாயத் தொறக்காதன்னீங்க."

சொன்னபடி துரையே நாடா பிடித்து அளந்தார். தோட்டத்தில் எல்லை என்றால் வேலி இல்லை, கான். தண்ணீர் ஓட வெட்டுகிற வாய்க்கால். இரண்டு பாதிக்கும் நடுவில் இடுப்பளவு ஆழத்தில் கான் வெட்டினார்கள். ஓடை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். அதுவரை என் பாதியின் மண்ணுக்குள் நின்ற ஊற்றுத் தண்ணீரெல்லாம் அந்தக் கானில் இறங்கி, கான் நிரம்பியதும் மரம் நிற்கிற பாதியில் வழிந்தது. யாரும் திட்டம் போடவில்லை. எல்லை வேண்டும் என்றார்கள், வெட்டினார்கள்.

மரங்கள் அதையும் தாங்கின. ஒட்டுக்காரர் வந்து புது மொட்டு வைத்துக் கட்டினார். சிலது பிடித்தது, சிலது உதிர்ந்தது. பிடித்ததில் பீச்சஸ் இலை நீளமாக வருகிறது. உதிர்ந்ததில் பிளம்ஸ் தன் பாட்டுக்கு வளர்கிறது. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகும்போது குச்சி கொண்டு போகக் கூடாது என்று உத்தரவு.

என் பாதி காய்ந்தது. உண்மையாகவே காய்ந்தது. மாசி வெயிலில் என் புல் கருகிப் போனது. கேட்டு வாங்கிய நிலம். மண்வெட்டியால் கொத்தி, வெங்காய வாடை அடிக்கிற லீக்ஸ் போட்டேன். காய்ந்த மண்ணில் அது நன்றாக வருகிறது. ஆனால் மாடு லீக்ஸ் தின்னாது. தின்றால் பாலை யாரும் வாங்க மாட்டார்கள்.

புல் இப்போது கானுக்கு அந்தப் பக்கம். மரத்தடியில் இடுப்பளவு நிற்கிறது. துரை வந்து பார்த்து, புது ஒட்டுக்குப் போடுகிற உரத்தைப் புல் தின்கிறது, மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மரம் பார்க்கிற ஆள் நான்தான். தினம் காலையில் அரிவாளோடு போகிறேன். அறுத்து, கட்டி, அந்த இடத்திலிருந்து அகற்றுகிறேன். அதற்குப் பேர் போடுகிறார்கள்.

போன கிழமை புல்லுக்கட்டைத் தலையில் வைத்து ஏறும்போது துரை எதிரே வந்தார். கட்டைப் பார்த்தார். மேலே லயத்துப் பக்கம் மாடு கத்துவது கேட்டது.

"எங்க கொண்டு போறீங்க அம்மா?"

"அப்புறப்படுத்துறேங்க சார்."

"ஹரி, ஹரி," என்று ஒதுங்கி வழிவிட்டார்.